நரிக்குப் போட்ட கோழித்தலை

நான் வேலை செய்யும் றெஸ்ரோரண்ட் பேர்ண் நகரின் ஓரத்தில் இருக்கிறது. இரவு பதினொன்றரை மணிக்குக் குசினியைக் கழுவித் துடைத்த பிறகு, கழிவு வாளிகளைப் பின்பக்கக் கொட்டிலுக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. போன பனிக்காலத்தில் ஓர் இரவு வாளியோடு வெளியே வந்தபோது கொட்டில் வாசலில் ஒரு நரி நின்றது. பத்தடி தூரம்கூட இல்லை. ஓடவில்லை. என்னைப் பார்த்தது, வாளியைப் பார்த்தது, பிறகு மெல்ல நடந்து வேலிக்குக் கீழாகப் போய்விட்டது.

நான் நடுங்கிப்போய் உள்ளே வந்தேன். மனிதனைக் கண்டு ஓடாத நரியோ, அறியாத நாயோ கிட்ட வந்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு திக்கென்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு; பிறகு சொல்கிறேன். எங்கள் தலைமைச் சமையற்காரர், நாங்கள் செவ் என்று கூப்பிடுகிறவர், வாலிஸ் மாநிலத்தவர். அறுபதை நெருங்குகிறார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "இப்போது பயப்படத் தேவையில்லை. நான் சிறுவனாக இருந்தபோது இப்படி ஒரு நரி வாசலில் நின்றிருந்தால் அப்பா துவக்கை எடுத்திருப்பார். பிறகு அதே அப்பாதான் காடு காடாகப் போய் நரிகளுக்குக் கோழித்தலை போட்டார்" என்றார்.

கோழித்தலையா என்று கேட்டேன். அடுப்பைத் துடைத்தபடியே அவர் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது. மிச்சத்தை விளங்கிக்கொள்ள ஒரு வருடம் பிடித்தது. ஊரில் விலங்கியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு 2011 இல் இங்கே வந்தவன் நான். லீவு நாட்களில் நூலகத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன். கோப்பை கழுவுகிறவனுக்கு ஏன் இந்த வேலை என்று அறை நண்பர்கள் கேட்டார்கள். நாங்கள் வாழும் இந்த நாட்டின் காடுகளில் நடந்த ஒரு பெரிய காரியம் நம்மவர்களில் அநேகமாக ஒருவருக்கும் தெரியாமல் கிடக்கிறதே என்பதுதான் என் பதில்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நரி என்று இங்கே நான் எழுதுவது நமது ஊர் நரியை அல்ல. வன்னியில் இரவில் கூட்டமாக ஊளையிடும் நரி, நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவு. இங்குள்ளது செந்நரி. சிவந்த மயிர், பூனையைப் போன்ற நடை, பெரிய வால். தனியாக இரை தேடும். இரண்டையும் நாம் ஒரே பெயரால் அழைத்தாலும் வாழ்க்கை முறை வேறு. நோயின் பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். நாம் விசர்நாய்க்கடி என்கிறோம். ஜேர்மன் மொழியில் டோல்வூற். டோல் என்றால் விசர், வூற் என்றால் ஆத்திரம். அந்தச் சொல் அச்சடித்த எச்சரிக்கைத் தாள்கள் ஒரு காலத்தில் இங்கே காட்டோரப் பாதைகளில் ஒட்டப்பட்டிருந்தன.

ஐரோப்பாவுக்கு இந்த நோய் புதிதல்ல. பாரிசில் லூயி பாஸ்ரர் நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி ஏற்றியது 1885 ஜூலையில். அந்தக் காலத்து விசர் நாய்களுடையது. நாய்களைக் கட்டி வைத்தும், வாய்க்கூடு போட்டும், கட்டாக்காலிகளைப் பிடித்தும் மேற்கு ஐரோப்பிய நாடுகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதை அநேகமாக ஒழித்துவிட்டன. பிறகு அது காட்டு வழியாகத் திரும்பி வந்தது. 1939, 1940 அளவில், போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில், நோய் நாயிலிருந்து செந்நரிக்கு மாறி நரிகளுக்குள் நிலைகொண்டது. மனிதர்கள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த அந்த வருடங்களில் நரிகளின் சாவைக் கணக்கெடுக்க எவருக்கு நேரம் இருந்திருக்கும்! யுத்தம் முடிந்தபோது நோய் மேற்கு நோக்கி நடந்துகொண்டிருந்தது. வருடத்துக்கு இருபது முதல் அறுபது கிலோமீற்றர் வரை. ஐம்பதுகளில் மேற்கு ஜேர்மனிக்குள் பரவியது. 1964 இல் டென்மார்க். 1966 இல் பெல்ஜியம், லுக்சம்பேர்க், ஒஸ்ரியா. 1967 மார்ச் 3ஆம் திகதி ஜேர்மன் எல்லையை ஒட்டிய ஷாவ்ஹவுசன் மாநிலத்தில் சுவிசின் முதல் நோயாளி நரி உறுதிப்படுத்தப்பட்டது. அடுத்த வருடம் பிரான்ஸ்.

கடவுச்சீட்டு கேட்டு மறிக்கிற எல்லைகள் எல்லாவற்றையும் அது தாண்டியது. பெரிய ஆறும் ஏரியும் உயர்ந்த மலையும் மாத்திரமே அதை மறித்தன. இந்த விஷயத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

நரிக்குள் இந்த நோய் நடத்துகிற காரியத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும். கடித்த இடத்திலிருந்து கிருமி நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், நரிக்கு ஒன்றும் தெரியாது. மூளையை அடைந்த பிறகு கிருமி உமிழ்நீருக்கு இறங்குகிறது. குணம் தெரிவதற்குச் சில நாட்கள் முன்னரே உமிழ்நீரில் நஞ்சு வந்துவிடும். பிறகு நரி பயத்தை இழக்கிறது. பகலில் ஊருக்குள் வருகிறது. மேயும் மாட்டின் மூக்கைக் கடிக்கிறது, நாயோடு மல்லுக்கட்டுகிறது. சில நாட்களில் செத்துப்போகிறது. அதற்குள் இன்னொரு நரியைக் கடித்திருந்தால் மாத்திரமே நோய்க்கு வாழ்வு. ஆகவே நோயின் உயிர் நரிகள் ஒன்றையொன்று சந்திப்பதில் இருக்கிறது. இனச்சேர்க்கைக்காக ஆண்கள் அலைந்து சண்டையிடும் பனிக்கால முடிவில் நோய் உச்சத்துக்கு ஏறும். குட்டிகள் வளர்ந்து, சொந்த இடம் தேடிப் பிரிந்து போகும் இலையுதிர் காலத்தில் அது தூரத்துக்குப் பரவும்.

1967 க்கும் 1999 க்கும் இடையில் சுவிசில் ஏறத்தாழ 17,000 விலங்குகளில் விசர் உறுதிப்படுத்தப்பட்டது. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் நரிகள். வீட்டு விலங்குகள் நூற்றுக்குப் பதினாலு அளவில். கடிபட்டும் தொட்டும் தடுப்பூசி போட்டுக்கொண்ட மனிதர்கள் ஏறத்தாழ 25,000 பேர் என மதிப்பிடுகிறார்கள். இறந்தவர்கள் மூன்று பேர். வசதியுள்ள நாடு, ஒவ்வொரு ஊரிலும் வைத்தியர், கேட்ட உடனே ஊசி. அப்படியிருந்தும் மூன்று பேர்.

நோய் வந்ததும் அரசு என்ன செய்தது? உலகில் எங்கும் செய்வதைத்தான் செய்தது. நரியைக் கொல் என்றது. காரணம் பார்வைக்கு நியாயமானது. நரிகள் ஐதாகிவிட்டால் நோயாளி நரி இன்னொன்றைச் சந்திக்குமுன் செத்துவிடும், நோயும் அதோடு முடியும். கணக்கு பிழையில்லை. வேட்டைக்காலம் நீட்டப்பட்டது. துவக்குகள் வெடித்தன. இரவில் இரை வைத்துச் சுட்டார்கள். அது போதாதென்று வளைகளுக்குள் நச்சுவாயு அடித்தார்கள். வசந்தத்தில் தாய் நரி குட்டிகளோடு வளைக்குள் கிடக்கும். வாயை மண்ணால் அடைத்துவிட்டு வாயுவைச் செலுத்தினால் குடும்பத்தோடு முடிந்துவிடும்.

வளை நரிக்கு மாத்திரம் சொந்தமில்லை. இங்கே டாக்ஸ் என்று ஒரு பிராணி இருக்கிறது. முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள், குட்டைக் கால், இரவில் மண்புழு கிண்டித் தின்னும். பெரிய வளைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டுவது டாக்ஸ்தான். நரி பலவேளை அதில் ஓர் அறையில் குடியிருக்கும். வாயுவுக்கு யார் வீட்டுக்காரர், யார் வாடகைக்காரர் என்று தெரியாது. சுவிசில் டாக்ஸ் கூட்டம் கூட்டமாக அழிந்தது. வாயு அடிப்பது கைவிடப்பட்டு நெடுநாள் சென்ற பிறகே அது மீண்டது. நோயைப் பரப்பிய நரியோ முதலில் மீண்டுவிட்டது.

ஏன் மீண்டது? இங்கேதான் உயிரினச் சூழலியல் என்ற படிப்பின் தேவை வருகிறது. பேர்ண் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் வாண்டெலர் என்ற உயிரியலாளர், கொல்லப்பட்டு வந்த நரிகளின் வயதையும் கருப்பையையும் வயிற்றில் கிடந்த இரையையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். நரிகள் நிலத்தைப் பங்கு போட்டு வாழ்கின்றன. ஒரு சோடிக்கு ஒரு பரப்பு. எல்லையில் மணம் விட்டுக் காவல். நெருக்கமாக வாழும் இடத்தில் எல்லாப் பெண் நரியும் குட்டி போடாது. இளையவை சும்மா இருக்கும், தாயின் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும். ஒரு சோடியைச் சுட்டுவிட்டால் அந்தப் பரப்பு வெறுமையாகும். சும்மா இருந்த பெண்ணும் குட்டி போடும். பிழைக்கும் குட்டிகளின் தொகை கூடும். அயலிலிருந்தும் தூரத்திலிருந்தும் இளம் நரிகள் அந்த வெற்றிடத்தை நாடி வரும். வந்தவை எல்லைக்காகச் சண்டையிடும். சண்டை என்றால் கடி. கடி என்றால் நோய்க்கு வழி. ஒவ்வொரு வருடமும் நரிகளில் பெரும்பங்கைக் கொன்றுகொண்டே இருந்தால் ஒழியத் தொகை குறையாது. அதை எந்த நாட்டு வேட்டைக்காரராலும் செய்து முடிக்க இயலவில்லை. சரியாகச் சொன்னால் டென்மார்க்கால் இயன்றது. அது ஜேர்மனியோடு ஒடுங்கிய ஒரு கழுத்தால் மாத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலம். அந்தக் கழுத்தில் நரிகளை இடைவிடாது அழித்து நோயைத் திரும்பத் திரும்ப வெளியேற்றினார்கள். ஐரோப்பாவின் நடுவில் கிடக்கும் சுவிசுக்கு அப்படி ஒரு கழுத்து இல்லை.

வெற்றிடம், புதிதாக வருகிறவர், எல்லை, சண்டை என்று வாசிக்கும்போது அகதியாகிய எனக்குக் காது கூர்மையாகிறது என்பதை மறைக்கவில்லை. என்றாலும் நரியை மனிதனாக்கிக் காட்டுவது என் நோக்கமல்ல. அந்த வெற்றிடத்தை நான் நாய்களிடம் கண்ணால் கண்டவன், ஆகவே எழுதுகிறேன்.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க எழுந்து நடந்த இரவு எனக்கு ஏழு வயது. வாசகர்களில் பலருக்கு அந்த இரவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டு நாயை அவிழ்த்துவிட்டு வந்தோம். செம்மணி வெளி தாண்டும்வரை பின்னால் வந்தது, பிறகு சனத்துக்குள் காணாமல் போனது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்து குடும்பங்கள் ஒரு வகுப்பறையில் இருந்தோம். எங்களுக்குப் பக்கத்துப் பாயில் படுத்த குடும்பத்துப் பையனுக்கு ஒன்பது வயது. தெருவில் கிடந்த ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தான். அதற்குச் சோறு தீத்தும்போது அது விரலைக் கடித்தது. சின்னக் குட்டி, சின்னக் காயம். அவனுடைய தாய் சுண்ணாம்பு பூசிவிட்டா. இரண்டு நாளில் குட்டி செத்தது. பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி முடிந்துவிட்டது, மருந்துக் கப்பல் வந்தால் வரும், அடுத்த கிழமை வாருங்கள் என்றார்கள். அடுத்த கிழமையும் அதே பதில். பையன் நன்றாகத்தான் இருந்தான். எங்களோடு மாபிள் விளையாடினான். தைப்பொங்கல் கழிந்து சில நாளில் காய்ச்சல் என்று படுத்தான். தண்ணீர்ச் செம்பைக் கண்டு கத்தினான். எங்களை அடுத்த வகுப்பறைக்குத் துரத்திவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

அவன் செத்த மறுநாள் பெரியவர்கள் பொல்லோடு இறங்கினார்கள். பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் கிடந்த நாய்களை எல்லாம் அடித்தார்கள். ஊர்க்காரர் வளர்த்த நாய்களும் போயின. அதனால் ஊர்க்காரருக்கும் எங்களுக்கும் வாய்த்தர்க்கம். எனக்கு அப்போது அது சரியென்றுதான் பட்டது. கல் பொறுக்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். மாசி முடியுமுன் அந்த முற்றம் மறுபடி நாயால் நிரம்பியது. எல்லாம் முன்பின் தெரியாத நாய்கள். சோறு விழும் இடம் அப்படியே இருந்தது, தின்ன இருந்தவை மாத்திரம் இல்லை. வராமல் என்ன செய்யும்? வந்தவை இரவிரவாகத் தங்களுக்குள் கடிபட்டன.

இனிச் சுவிசுக்கு வருவோம்.

கொல்லாமல் காப்பது என்றால் நரிக்குத் தடுப்பூசி ஏற்றவேண்டும். காட்டு நரியை யார் பிடித்து ஊசி போடுவது? ஊசியை அது தானாகத் தின்னவேண்டும். அமெரிக்காவில் ஜோர்ஜ் பேயர் என்பவரும் கூட்டாளிகளும், பலவீனமாக்கிய உயிருள்ள கிருமியை வாய்வழி கொடுத்தால் நரிக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகும் என்று 1971 இல் காட்டினார்கள். அது கூண்டு நரிகளில் நடந்தது. கூண்டிலிருந்து காட்டுக்குக் கொண்டுபோனது பேர்ண் பல்கலைக்கழக மிருக வைத்தியப் பேராசிரியர் ஃபிரான்ஸ் ஸ்ரெக். அவர் கிருமியைப் பார்த்தார், வாண்டெலர் நரியைப் பார்த்தார். இந்த இரண்டு பார்வையும் ஒரே மேசையில் சந்தித்ததைத்தான் நான் இந்தக் கதையின் மையம் என்று நினைக்கிறேன். கிருமியை மாத்திரம் படித்தவர் நரி எங்கே தின்னும், எதைத் தின்னும், எப்போது தின்னும் என்று அறியமாட்டார். நரியை மாத்திரம் படித்தவர் அதற்குள் எதை வைப்பது என்று அறியமாட்டார்.

மருந்துக் கிருமியின் பூர்வீகம் விநோதமானது. 1935 இல் அமெரிக்காவின் அலபாமாவில் விசரால் செத்த ஒரு நாயின் கிருமி அது. ஆய்வுகூடங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வளர்த்து வீரியம் குறைத்து, கனடா வழியாகக் கடைசியில் பேர்ணுக்கு வந்து சேர்ந்தது. அலபாமாத் தெருநாயிடமிருந்து வந்த கிருமி அல்ப்ஸ் மலை நரியைக் காக்கப் போகிறது! ஆனால் பயமும் இருந்தது. அது உயிருள்ள கிருமி. ஆய்வுகூடத்தில் சில எலிகள் அதைத் தின்று விசர் பிடித்துச் செத்தன. காட்டில் போட்டு, எலிகளுக்குள் புதிதாக ஒரு நோயைத் தொடக்கிவைத்தால்? நரியிடமிருந்த நோயை எலியிடம் ஒப்படைத்தவர்கள் என்ற பெயர் நிற்காதா? ஆகவே காட்டெலிகளில் பரிசோதித்தார்கள். எலியிலிருந்து எலிக்கு அது சங்கிலியாகத் தொடரவில்லை என்று கண்ட பிறகே வெளிக்களத்துக்கு இறங்கினார்கள்.

அடுத்த கேள்வி இரை. நரி விரும்ப வேண்டும், மலிவாக இருக்கவேண்டும், ஆயிரக்கணக்கில் கிடைக்கவேண்டும். கோழி வெட்டும் ஆலைகளில் கழிவாகப் போகும் தலை இந்த மூன்றுக்கும் பொருந்தியது. மாத்திரை வரும் தகட்டைப்போல ஒரு சின்ன உறையில் மருந்துநீரை அடைத்து, அதைக் கோழித்தலையின் தோலுக்குக் கீழே செருகினார்கள். நரி தலையைக் கடிக்கும்போது உறை உடையும். மருந்து வாய்க்குள்ளும் தொண்டையிலும் படவேண்டும். முழுதாக விழுங்கி வயிற்றுக்குப் போனால் பயனில்லை. ஆகவே கடித்துச் சப்பவேண்டிய பருமனில் இரை இருந்தது வசதியாயிற்று. கூடவே ரெற்றாசைக்கிளின் என்ற மருந்தும் சேர்த்தார்கள். அது எலும்பிலும் பல்லிலும் படியும். பின்னால் சுடப்பட்ட நரியின் எலும்பை ஊதாக்கதிர் விளக்கில் பிடித்தால் மஞ்சளாக ஒளிரும்; அந்த நரி தலையைத் தின்றதா என்று தெரிந்துவிடும். எவ்வளவு எளிமையான யோசனை!

களம் வாலிஸ். 1978 இல் நோய் ஜெனீவா ஏரியின் கிழக்குக் கரைவரை வந்துவிட்டது. அங்கிருந்து ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மேலேறினால் வாலிஸ் முழுவதும் அதன் கையில். ஆனால் இரண்டு பக்கமும் நரி இலகுவில் தாண்ட முடியாத மலை. வழி அந்த ஒரு பள்ளத்தாக்குத்தான். நான் முன்னே கவனத்தில் வைக்கச் சொன்னது இதைத்தான். டென்மார்க்கின் கழுத்து சுவிசுக்கு இல்லை என்றேன், வாலிசுக்கு இருந்தது. 1978 ஒக்ரோபர் நடுப்பகுதியில் பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு பட்டையாக, நாலாயிரத்துச் சொச்சம் கோழித்தலைகள் கையால் வைக்கப்பட்டன. காட்டு நரிகளுக்கு விசர்த் தடுப்பு மருந்து இரையில் வைத்து வெளிக்களத்தில் போடப்பட்டது உலகிலேயே அதுதான் முதற்தடவை.

எங்கள் செவ்வுக்கு அப்போது பத்து வயது. அவருடைய அப்பா வேட்டைக்காரர். உறைந்த கோழித்தலைகள் சாக்கில் வந்தன என்று சொன்னார். இளகத் தொடங்கியதும் வீட்டு முற்றமே நாறியது. தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கடும் கட்டளை. அப்பா கையுறை போட்டுக்கொண்டு, பற்றை ஓரம், வேலி ஓரம், பழைய வளைக்குப் பக்கம் என்று நரி போகும் தடமாகப் பார்த்துப் பார்த்து வைத்தாராம். "நரி எங்கே நடக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். அதைச் சுடுவதற்காகத்தான் படித்து வைத்திருந்தார்" என்றார். சிநேகிதர்கள் கேலி செய்தார்களாம்: மூன்று வருடத்துக்கு முன் வாயு அடித்தாய், இப்போது விருந்து வைக்கிறாயா என்று. அப்பா திருப்பி ஒன்றும் சொல்லவில்லையாம்.

பட்டையின் கீழ்ப்பக்கம் நரிகள் செத்தன. பட்டைக்குள் பிடித்த நரிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் எலும்பு மஞ்சளாக ஒளிர்ந்தது. பள்ளத்தாக்கின் மேற்பக்கத்துக்கு நோய் ஏறவில்லை. பதினொரு வருடம் துவக்கும் வாயுவும் செய்யாததைக் கழிவுக் கோழித்தலை செய்தது. மருந்து தின்ற நரி செத்துப்போவதில்லை; தன் பரப்பிலேயே இருக்கிறது; வெளியிலிருந்து வருகிற இளம் நரியை விரட்டுகிறது. நோயாளி நரி அதைக் கடித்தாலும் நோய் அங்கேயே முடிகிறது. முன்பு எதிரியாக நின்ற அதே நரி காவலாக நின்றது.

அதன்பின் ஒவ்வொரு பள்ளத்தாக்காக முன்னேறினார்கள். வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை, ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் மருந்து தின்னாத புதிய குட்டிகள் வருகின்றன. கால்நடையாகப் போக இயலாத இடங்களில் ஹெலிகொப்ரரிலிருந்து போட்டார்கள். 1982 இல் அந்த வேலைக்காகப் பறந்த ஹெலிகொப்ரர் விழுந்ததில் ஃபிரான்ஸ் ஸ்ரெக் இறந்தார். நோய் முற்றாக ஒழிந்ததைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஜேர்மனி 1983 இல் தொடங்கியது. விரைவில் அங்கே மீன்மாவும் கொழுப்பும் சேர்த்து இயந்திரத்தில் வார்த்த இரை வந்து, கோழித்தலைக்கு வேலையில்லாமல் போயிற்று. பெல்ஜியம், பிரான்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

நேர்கோட்டில் போன வெற்றி அல்ல இது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரான்ஸ் எல்லையை ஒட்டிய யூரா மலைப்பக்கமாக நோய் மறுபடியும் சுவிசுக்குள் நுழைந்தது. பழைய அளவில் போட்ட இரை இந்தமுறை போதவில்லை. காரணம், விசரால் சாகாத நரிகள் பெருகிவிட்டன. வைத்தியத்தின் வெற்றியே வைத்தியத்துக்குத் தடையாக வந்தது. கோடைகாலத்தில் குட்டிகள் இருக்கும் வளை வாசல்களுக்கே போய் இரை வைத்த பிறகுதான் அடங்கியது. நரியின் கடைசி விசர் 1996 இல். 1999 இல் சுவிஸ் விசரற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது. பிரான்ஸ் 2001, ஜேர்மனி 2008.

பெருகிய நரிகள் எங்கே போயின? நகரத்துக்கு வந்தன. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து சூரிச் நகரத் தோட்டங்களிலும் இடுகாடுகளிலும் நரிகள் குட்டி போட்டு வாழ்கின்றன. எங்கள் கொட்டில் வாசலில் நின்றதும் அந்த வம்சந்தான். அவற்றின் குடலில் நீளத்தில் சில மில்லிமீற்றரே உள்ள ஒரு நாடாப்புழு வாழ்கிறது. அதன் முட்டை நரியின் எச்சத்தோடு விழும், எலி தின்னும், எலியை நரி தின்னும், வட்டம் முழுமையாகும். இடையில் தவறி மனிதனின் வாய்க்குள் போனால் ஈரலில் புற்றுநோயைப்போல வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். சுவிசில் இந்த நோயாளிகளின் விகிதம் 1993 முதல் 2000 வரை ஒரு லட்சம் பேருக்கு வருடம் 0.10, 2001 முதல் 2005 வரை 0.26. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் இரண்டு மடங்குக்கு மேல். நரி பெருகிப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதன் நிழல் வைத்தியசாலையில் தெரிந்தது. இதற்கும் துவக்கை எடுக்கவில்லை. சூரிச்சில் புழுமருந்து வைத்த இரையைப் போட்டுப் பார்த்தார்கள். எச்சத்தில் முட்டை குறைந்தது. எங்கள் குசினியில் வசந்த காலத்தில் காட்டுப் பூண்டு இலை வந்தால் செவ் மூன்று தண்ணீரில் கழுவச் சொல்வார். கழுவினாலும் சமைக்காமல் பரிமாற விடமாட்டார். சாதாரண உறைபெட்டியின் குளிரில் அந்த முட்டை சாகாது, கொதியில்தான் சாகும்.

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்று நம் சனம் சொல்லும். பிடுங்காமல் போகச் செய்ய இந்த நாட்டுக்கு 32 வருடம் பிடித்தது. அதில் முதல் பதினொரு வருடம் கொலையில் போனது.

இலங்கையில் இந்த நோய் இன்னும் இருக்கிறது, நாய்களிடம். 1973 இல் 377 பேர் அதனால் இறந்தார்கள். அண்மை வருடங்களில் வருடத்துக்கு இருபது முப்பது பேர் என்று குறைந்திருக்கிறது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை 2006 இல் அரசு நிறுத்தியது. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி ஏற்றிவிட்டால் நோய் தொடர வழியில்லை என்கிறார்கள் இந்தத் துறையினர். அந்த எழுபதும் உயிரோடு தங்கள் தெருவிலேயே கிடக்கவேண்டும். கொன்றால் ஊசியும் சேர்ந்து செத்துப்போகும். இதைத் தென்மராட்சிப் பள்ளிக்கூடத்தில் பொல்லெடுத்தவர்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்குக் கேட்டிருப்பார்களா? கேட்டிருக்கமாட்டார்கள். போடுவதற்கு ஊசி இருந்திருந்தால் அந்தப் பொல்லுக்கே வேலை வந்திராது.

போன மாதம் அம்மாவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது நாய் குலைக்கும் சத்தம் கேட்டது. "நேற்று நாய்க்கு ஊசி போட வந்தவையடா" என்றா. "பிடிக்க ஆளில்லை. நான்தான் மடியில வைச்சு அமத்திப் பிடிச்சனான். நாலு வீட்டு நாய்க்கும் போட்டவை, ஒழுங்கையில கிடந்ததுக்கும் போட்டவை."

எந்த நாய் அம்மா என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாது. நீ போனாப்பிறகு வந்தது."